காய்கறித் தோட்டத்துக்கு அகத்தியா, கிளைரிசிடியாவா?

இயற்கை முறையில் கத்தரி, மிளகாய் போடுகிறவர்கள் தோட்டத்துக்குள் மரம் வைக்க நினைத்தால் இந்த இரண்டையும் யோசிக்கலாம். இரண்டுமே காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சுகளில் சேர்ப்பவை. ஆனால் பொருந்தும் இடம் வேறு.

அகத்தி பாத்திக்குள்ளேயே நிற்கக்கூடியது. நெட்டையாக வளரும், சிறு சிறு இலைகள், அதனால் நிழல் சல்லடையில் சலித்ததுபோல் விழும். கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தி வைப்பது இதற்காகத்தான்: கொடி ஏறவும் வேண்டும், வெயில் தணியவும் வேண்டும். சித்திரையில் மிளகாய்ப் பூ உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிழலின் அருமை தெரியும். கீரையும் பூவும் வீட்டுக்கும் சந்தைக்கும் ஆகும். விதை ஊன்றினால் போதும், மளமளவென்று வரும். ஆனால் மரத்துக்கு உறுதி போதாது. ஆடிக் காற்றில் ஒடியும், தரையோடு திரும்பத் திரும்ப வெட்டினால் பட்டுப்போகும். சில வருடங்களில் மறுபடி நடத்தான் வேண்டும்.

கிளைரிசிடியா மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி வரப்பில் நட்டால் வேலியாகிவிடும். வெட்ட வெட்டத் தழையும். அந்தத் தழை சீக்கிரம் மட்கி உரமாகும், மண்ணை மூடிப் போடும் மூடாக்குக்கும் ஆகும். வாடை பிடிக்காமல் பழகாத ஆடுமாடு வாய் வைக்காது. பாத்திக்குள் வைத்தால்தான் வம்பு, அடர்ந்து கத்தரியை அமுக்கிவிடும்.

நான் சொல்வது, உள்ளே அகத்தி, வரப்பில் கிளைரிசிடியா. ஒன்றுதான் முடியும் என்றால், உரத்துக்குக் காசு செலவழிக்கிறவர் கிளைரிசிடியாவை எடுக்கலாம். அப்புறம், அகத்தி வரிசையை வடக்கு தெற்காகப் போடுங்கள். நிழல் நாள் முழுக்க ஒரே பாத்தியில் தங்காது.