நேரம் பார்த்து நிற்கும் சார்ஜரா, செல்லைப் பார்த்து நிற்கும் சார்ஜரா?

டபுள் ஏ, டிரிபிள் ஏ அளவில் ரீசார்ஜ் செல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு எண்ணைத்தான் (மில்லி ஆம்பியர் மணி) பார்க்கிறார்கள். 2000-ஐ விட 2800 மேல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே மலிவாக வரும் சார்ஜர் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. பணத்தில் பெரும்பகுதியைச் சார்ஜருக்கு ஒதுக்குங்கள்; செல் நடுத்தரமாக இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் செல் கேட்கும் கருவிகள் நிறைய. அம்மாவின் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு நான்கு டபுள் ஏ, மவுஸுக்கு ஒன்று, மின்வெட்டுக்கு வைத்திருக்கும் எல்இடி டார்ச்சுக்கு மூன்று டிரிபிள் ஏ. பிள்ளைகளின் பொம்மைக் கார்களுக்கோ எத்தனை இருந்தாலும் போதாது. சுவர்க் கடிகாரத்தையும் டிவி ரிமோட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றுக்குச் சாதாரணச் செல்லே போதும். பல ஆண்டுகள், குறித்த நேரம் கடந்ததும் நிற்கும் நேரக்கணக்குச் சார்ஜரைப் பயன்படுத்திவிட்டு, அண்மையில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஸ்மார்ட் சார்ஜருக்கு மாறினேன்.

விலையில் சந்தேகமே இல்லை. மலிவுச் சார்ஜர் சில நூறு ரூபாய்; திரை வைத்த ஸ்மார்ட் சார்ஜர் ஆயிரத்தைத் தாண்டும். முன்னது இரவு முழுதும் எடுத்துக்கொள்ளும், பின்னது சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் நான் மாறியது வேகத்துக்காக அல்ல. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை இரண்டும் எப்படி முடிவுசெய்கின்றன என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

நான் பேசும் ரீசார்ஜ் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் சார்ஜ் ஏற ஏற அதன் மின்னழுத்தமும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். முழுதாக நிரம்பியதும் அந்த மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும். அதற்குமேல் அனுப்பும் மின்சாரத்தைச் செல்லால் சேமிக்க முடியாது. உள்ளே ஆக்சிஜன் உருவாகி, மீண்டும் சேர்ந்து, எல்லாம் வெப்பமாகவே வெளியேறுகிறது. சூடும் அழுத்தமும் அளவு மீறினால் செல்லின் தலைப்பகுதியில் இருக்கும் சிறு வால்வு திறந்து வாயு வெளியேறும். அதோடு உள்ளிருக்கும் திரவமும் குறையும். திரவம் குறைந்த செல்லில், மின்சாரத்தை எதிர்க்கும் உள்தடை கூடுகிறது. அப்புறம் டார்ச் மங்கலாக எரியும், பொம்மைக் கார் இரண்டு சுற்று ஓடி நின்றுவிடும். நல்ல சார்ஜர் அந்தச் சில மில்லிவோல்ட் இறக்கத்துக்காகக் காத்திருந்து, கண்டதும் நிறுத்துகிறது.

நேரக்கணக்குச் சார்ஜருக்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் வீதம் 16 மணி நேரம் என்பது பழைய கணக்கு. முற்றிலும் தீர்ந்த செல்லுக்கு அது சரி. பாதி தீர்ந்ததைப் போட்டாலும் அதே 16 மணி நேரம்தான். நம் ஊர் மின்வெட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு மணி நேரம் ஏறிய பின் மின்சாரம் போய் வந்தால், மலிவான சார்ஜர்கள் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். ஏற்கெனவே ஏறிய செல்லுக்கு மேலும் ஒரு முழுச் சுற்று! இன்னும் மலிவானவற்றில் நேரக்கணக்குக்கூடக் கிடையாது. இத்தனை மணி நேரத்தில் எடுத்துவிடவும் என்று அட்டையில் எழுதியிருப்பதோடு சரி. ஸ்மார்ட் சார்ஜரும் மின்சாரம் திரும்பியதும் முதலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நிரம்பிய செல்லில் இறக்கம் விரைவிலேயே தென்பட்டுவிடுவதால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

மெதுவாக ஏற்றினால் செல் நெடுநாள் உழைக்கும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்த இறக்கம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கிவிடும். ஸ்மார்ட் சார்ஜரே ஏமாந்துவிடும். அதனால் 2000 கொள்ளளவுள்ள டபுள் ஏ செல்லை 700 முதல் 1000 மில்லி ஆம்பியரிலும், 800 கொள்ளளவுள்ள டிரிபிள் ஏ செல்லை 300 முதல் 400-இலும் ஏற்றுகிறேன். முடியும் தறுவாயில் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்; அது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஜோடி விவகாரம். மலிவுச் சார்ஜர்களில் இரண்டு இடங்களுக்கு ஒரே விளக்குதான் இருக்கும். இரண்டு செல்களும் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். ஒன்று முக்கால்வாசி நிரம்பியும் மற்றது காலியாகவும் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம்தான் போகும். என் டார்ச்சில் மூன்று செல். ஜோடிச் சார்ஜரில் மூன்றாவது செல்லுக்கு எப்போதும் பொருந்தாத ஒரு துணையைத் தேட வேண்டியிருந்தது. கடையில் வாங்கும்போது ஒரே ஒரு செல்லை மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கென்று தனி விளக்கு எரிந்தால் வாங்கலாம்.

திரையில் கொள்ளளவைக் காட்டும் வசதியை முதலில் நான் ஆடம்பரமாகத்தான் நினைத்தேன். அம்மாவின் கருவி பேட்டரி தீர்ந்துவிட்டதாக அடிக்கடி காட்டத் தொடங்கியபோது நான்கு செல்லையும் கழற்றி, முழுதாக ஏற்றி, பிறகு இறக்கி அளக்கும் முறையில் போட்டேன். மூன்று செல்கள் 1800-ஐ ஒட்டி நின்றன. நான்காவது 1200-ஐக்கூட எட்டவில்லை. அந்த ஒன்றை மாற்றியதும் கருவி பழையபடி வேலை செய்தது. அளக்க வழியில்லை என்றால் நான்கையும் சேர்த்துத்தான் தூக்கிப்போட வேண்டியிருக்கும். பலவீனமான செல்லை அப்படியே விட்டாலும் கேடுதான். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தீர்ந்துபோய், அவை தள்ளும் மின்சாரத்தால் அதன் துருவங்கள் தலைகீழாகிவிடும். இதைத் தடுக்க, சேர்ந்து வாங்கிய செல்களின் மேல் அழியாத பேனாவால் ஒரே எழுத்தைக் குறித்து, என்றும் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் கடைகளுக்கு வந்திருக்கிறது: லித்தியம் அயன் வகை 1.5 வோல்ட் செல். பலவற்றில் யுஎஸ்பி துளை செல்லிலேயே இருக்கிறது; தனிச் சார்ஜர் வேண்டாம். நிக்கல் செல்லின் 1.2 வோல்ட்டில் முரண்டு பிடிக்கும் கருவிகளுக்கு இது நல்ல மாற்று. ஆனால் பெரும்பாலும் தீரும்வரை 1.5 வோல்ட்டிலேயே நின்று சட்டென்று அணைந்துவிடும், முன்னறிவிப்பு இருக்காது. ரத்த அழுத்தக் கருவியில் அதை வைக்க எனக்கு மனமில்லை. இதை நிக்கல் செல் சார்ஜரில் ஒருபோதும் போடக்கூடாது. அட்டையில் 3000 என்று இருந்தால் அது மில்லிவாட் மணியா என்று பாருங்கள், அப்படியானால் 1.5-ஆல் வகுத்துக் கிடைக்கும் 2000-தான் ஒப்பிட வேண்டிய எண். இந்த வகையைக் கொஞ்ச காலமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

செல்லைப் பொறுத்தவரை, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் எளிதில் வடியாத வகையைத் தேர்ந்தெடுங்கள். 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான். இப்போது அது பானாசோனிக் வசம் இருக்கிறது. சாதாரண எனலூப்பை 2100 முறை வரை சார்ஜ் செய்யலாம் என்று சொல்லும் அதே நிறுவனம், கொள்ளளவு கூடிய புரோ வகைக்கு 500 முறைதான் சொல்கிறது. ஆய்வகக் கணக்கை வீட்டில் எட்ட முடியாது என்றாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அன்றாட வீட்டு உபயோகத்துக்கு 2000-ஐ ஒட்டிய செல்லையே நான் வாங்குவேன். 3000-க்கு மேல் அச்சிட்ட நிக்கல் டபுள் ஏ செல்லை நம்ப வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு கவனம் தேவை. அறையே 40 டிகிரியை நெருங்கும் பிற்பகலில் செல் சார்ஜை அரைகுறையாகத்தான் ஏற்கும். நிறுத்தவேண்டிய அந்த இறக்கமும் மங்கிவிடும். அதிகாலையில் போடுங்கள். டிவி அலமாரிக்குள்ளோ செட்டாப் பாக்ஸ் மேலோ வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

புதியது வந்துவிட்டதென்று நேரக்கணக்குச் சார்ஜரை எறிந்துவிட வேண்டாம். நாள்கணக்கில் பொம்மைக்குள்ளேயே கிடந்து சார்ஜ் முற்றிலும் வடிந்துபோன செல்லை ஸ்மார்ட் சார்ஜர் அடையாளம் காணாமல் திருப்பி அனுப்பிவிடும். அதைப் பழைய சார்ஜரில் சில நிமிடம் பக்கத்திலேயே இருந்து ஏற்றி, பிறகு புதியதில் மாட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. அப்படி மீண்டு வந்தும் கொள்ளளவு குறைந்து நிற்கும் செல்லை வேறு எதனோடும் சேர்ப்பதில்லை. ஒற்றைச் செல் போதும் என்பதால் மவுஸில் போட்டுவிடுகிறேன்.