மாநிறத் தோலுக்கு எந்த ஒளி? ஐ.பி.எல்., ஃப்ராக்‌ஷனல் லேசர், எல்.இ.டி.

முகத்தில் வயது தெரிகிறது என்று கிளினிக்குக்குப் போனால், பல இடங்களில் முதலில் காட்டுவது ஐ.பி.எல். (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) தொகுப்பைத்தான். ஃபோட்டோ ஃபேஷியல் என்றும் சொல்வார்கள். மாநிறக்காரர்கள் ரொம்பவும் யோசிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஐ.பி.எல். லேசரே அல்ல. சுமார் 500 முதல் 1,200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்த ஒளி அது. கரும்புள்ளியில் உள்ள மெலனின் என்ற நிறமியையும் நுண்குழாய் ரத்தத்தையும் சூடாக்கும். வெளுத்த தோலில் புள்ளிகள் காப்பித்தூள் போலக் கறுத்து, ஒரு வாரம் போல ஆனதும் உதிரும். மாநிறத்திலோ சுற்றியுள்ள தோலிலும் மெலனின் நிறைய. அதுவும் சேர்ந்து சூடாகும். வெயிலில் கறுத்த முகத்தில் அடித்தாலோ, ஃபில்டர் சரியில்லாவிட்டாலோ, குளிர்ச்சி போதாவிட்டாலோ, கருவியின் முனை பட்ட இடமெல்லாம் செவ்வகத் தடம் விழும். மங்கு இருந்தால் அது அதிகமாகவும் ஆகலாம். இத்தனைக்கும் சுருக்கத்தில் பெரிய மாற்றம் வராது.

சுருக்கமும் சொரசொரப்பும்தான் கவலை என்றால் 1,550 நானோமீட்டர் ஃப்ராக்‌ஷனல் லேசரே என் தேர்வு. இது மெலனினை விட்டுவிட்டுத் தோலிலுள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது. முடியளவு மெல்லிய சூட்டுத் தூண்களுக்கு நடுவே நல்ல தோல் மிச்சமிருப்பதால் சீக்கிரம் ஆறும். நாலு வார இடைவெளியில் 3 முதல் 5 சிட்டிங். சில நாள் சிவப்பும் வீக்கமும், பிறகு உப்புத்தாள் போன்ற தொடுகை. மாநிறத்துக்கு இந்தத் தூண்களின் அடர்த்தியைக் குறைத்து, சிட்டிங்கைக் கூட்டுவதுதான் முறை. அவசரப்பட்டு அடர்த்தியை ஏற்றினால் கறுப்பு தட்டும்.

ஃப்ராக்‌ஷனல் சி.ஓ.2 (10,600 நானோமீட்டர்) தோலை ஆவியாக்கித் துளையிடும். ஆழமான சுருக்கத்துக்கு, இங்கே சொல்பவற்றில் இதன் வேகம் வேறு எதற்கும் இல்லை. ஆனால் ஒரு வாரம் பொருக்கு, பல வாரம் சிவப்பு. நம் நிறத்தில் அதன்பின் வரும் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகலாம். உதட்டில் அக்கி வந்தவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாத்திரை தருவார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் மறைக்கக் கூடாது. தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் கட்ட 3 முதல் 6 மாதம் ஆகும்; கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு போய் நிற்பதில் பயனில்லை.

எல்.இ.டி. சிவப்பு (சுமார் 633), அகச்சிவப்பு (830) ஒளி சுடாது, தோல் உரியாது. வாரம் இரண்டு மூன்று முறை, 2 அல்லது 3 மாதம் விடாமல் செய்தால் மெல்லிய கோடுகள் கொஞ்சம் தணியும். கரும்புள்ளி போகாது. கண்மூடி அவசியம்.

எல்.இ.டி. தவிர எதுவானாலும் காதுக்கு முன்னால் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். கறுப்பு சாவகாசமாக வரும் என்பதால் நாலு வாரம் பொறுக்க வேண்டும். சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல் இருக்கட்டும், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள வகையாகவும் இருக்கட்டும்: மாநிறத்தைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்க வைக்கும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை.