டேலி வகுப்புக்கு ஜூம் எப்படி இருக்கு?

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளும் ஜிஎஸ்டி வரிக் கணக்கும் சொல்லித் தருவதுதான் எனக்குத் தொழில். 2020 லாக்டவுனில் வேறு வழியில்லாமல் ஆன்லைனுக்குப் போனேன், அப்படியே மாலை பேட்ச் இன்றுவரை ஜூமில்தான் ஓடுகிறது. யாராவது புதிதாக வகுப்பு ஆரம்பித்தால் "எந்த ஆப் சார் நல்லது?" என்று கேட்கிறார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்கள் முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை மறந்துவிடுங்கள். என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். ஆறு இன்ச் திரையில் டேலியின் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "எஃப் 8 அழுத்துங்க, சேல்ஸ் வவுச்சர் வரும்" என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவேன், அங்கே ஒருவருக்கும் எதுவும் தெரியாது, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலை 150 சதவீதம் வைத்துவிட்டுத்தான் ஷேர் செய்கிறேன். அப்புறம் வீடியோவை நானும் அணைத்துவிடுவேன். திரையை மட்டும் பகிர்ந்தால் 50 முதல் 75 கேபிபிஎஸ் நெட் வேகம் போதும் என்று ஜூமே சொல்கிறது. குரலுக்குத் தனியாகக் கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான். டேட்டா கார்டு போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

ஷேர் செய்வதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மொத்த டெஸ்க்டாப்பையும் காட்டிக்கொண்டிருந்தேன், பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) நடுவில் "வரும்போது இட்லி மாவு வாங்கிட்டு வாங்க" என்று வாட்ஸ்அப் மேலே எட்டிப் பார்த்தது. சரி, இனி டேலி விண்டோ மட்டும் என்று மாறினேன். அடுத்த நாளே ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்து பத்து நிமிடம் விளக்கோ விளக்கென்று விளக்குகிறேன், கடைசியில் ஒரு அம்மா மைக்கைப் போட்டு, "சார், எங்களுக்கு இன்னும் டேலிதான் தெரியுது" என்றார். விண்டோ மாறும்போது நியூ ஷேர் கொடுக்க வேண்டும், அது கையில் பழக ஒரு மாதம் ஆகும்.

எனக்கு ஜூமில் ரொம்பப் பிடித்தது ரிமோட் கண்ட்ரோல்தான். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மாணவர் தன் திரையைக் காட்டி அனுமதி கொடுத்தால், அவர் மவுஸை நானே பிடித்துத் திருத்தலாம். தமிழ்நாட்டுக்குள் விற்ற சரக்குக்கு 18 சதவீத வரியை மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 9, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரிக்காமல், வெளிமாநில விற்பனைக்குப் போடுகிற ஐஜிஎஸ்டி 18 என்று மொத்தமாகப் போட்டு வைத்திருப்பார்கள். வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, பார்ட்டி லெட்ஜருக்குள் (வாங்கியவர் பெயரில் உள்ள கணக்கு) போய் ஸ்டேட் எங்கே தப்பாக இருக்கிறது என்று அவர் திரையிலேயே காட்டினால் ஏறிவிடும். போனில் படிப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். நான் 35 நிமிடத்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வரச் சொல்லி, இரண்டாவது லிங்க் அனுப்புவேன்; டீ குடிக்கப் போனவர்களில் நாலு பேர் திரும்புவதில்லை. காசு கட்டினால் 30 மணி நேரம் வரை ஒரே மீட்டிங் ஓடும். தினமும் இரண்டு பேட்ச் எடுப்பவர் கட்டலாம், வாரம் ஒருநாள் எடுப்பவருக்கு வேண்டாம்.

கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இலவசமாக 60 நிமிடம் கிடைக்கும், பெற்றோர் மீட்டிங் மாதிரி பேச்சு மட்டும் என்றால் நான் அதற்குத்தான் போவேன். ஆனால் இலவசக் கணக்கில் ரெக்கார்டிங் இல்லை. ஜூமில் இலவசமாகவே நம் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளலாம். ஜிட்சி என்று இன்னொரு மீட்டிங் ஆப் இருக்கிறது, அது ஓப்பன் சோர்ஸ், நேரக் கணக்கும் பார்க்காது. 2023-லிருந்து அதன் பொதுத் தளத்தில் ரூம் திறப்பவர் மட்டும் லாகின் செய்ய வேண்டும்.

எந்த ஆப்பாக இருந்தாலும் மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள், கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், நெட்தான் போய்விடும். அப்புறம் முதல் நாளே பெயரை மாற்றச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்ட பேட்சில் மூன்று வாரம் "ரெட்மி நோட்" என்றுதான் அட்டெண்டன்ஸ் எடுத்தேன், அதிலும் இரண்டு பேர் இருந்தார்கள்.