நெருடாவைப் படிப்பதா, ஒதுக்குவதா?

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடாவைக் கல்லூரி நாட்களில் தமிழ் மொழிபெயர்ப்பில்தான் முதலில் படித்தேன். பிடித்த காதல் கவிதைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படித்தது பல வருடம் கழித்து. அதில் இலங்கை பற்றிய பகுதியில் ஒரு பக்கம் வருகிறது.

1929இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்தபோது அவருக்கு வயது 24. வெள்ளவத்தையில் கடலோர வீடு. அந்த வீட்டுக் கழிப்பறை வாளியைத் தினமும் காலையில் சுமந்து போனவர் ஒரு தமிழ்ப் பெண். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்று நெருடாவே குறிப்பிடுகிறார். கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. வழியில் வைத்த பட்டுத் துணியையும் பழத்தையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை நெருடா அவருடைய மணிக்கட்டை இறுகப் பற்றி அறைக்குள் கொண்டுபோனார். நடந்தது ஒரு மனிதனும் சிலையும் சேர்ந்ததுபோல இருந்தது, அவள் கண்கள் கடைசிவரை திறந்தே இருந்தன, என்னை வெறுத்தது நியாயம்தான் என்ற பொருளில் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

1971இல் நோபல் பரிசு, 1973இல் மரணம், 1974இல் இந்த நூல். மறைத்து வைத்த ரகசியம் எதுவும் இல்லை. எல்லோர் கையிலும் இருந்த பக்கம்தான் இது.

சரி, இனி அவரை என்ன செய்வது? ஒரு தரப்பு கவிதை வேறு, கவிஞன் வேறு என்கிறது. இன்னொரு தரப்பு புத்தகத்தை மூடச் சொல்கிறது.

பிரித்துப் பார்ப்பது சில இடங்களில் பொருந்துகிறது. ஆங்கிலேயச் சிற்பி எரிக் கில் தன் மகள்களையே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவர் என்பது 1989இல் வந்த வாழ்க்கை வரலாற்றில்தான் பலருக்குத் தெரிந்தது. அவர் வடிவமைத்த ‘கில் சான்ஸ்’ எழுத்துருவில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்த எழுத்தின் வளைவில் குற்றம் தெரிவதில்லை. ஆனால் அவர் மகளையே மாதிரியாக வைத்து வரைந்த நிர்வாணப் படங்களை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. ஒரே கலைஞர்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை.

நெருடா விஷயத்தில் இந்த வழி இன்னும் சிக்கலாகிறது. அவர் அந்தக் காலையை அழகான உரைநடையாக எழுதியிருக்கிறார். பெண்ணைச் சிலையாக்கிய அந்த உவமை ஒரு கவிஞனின் கைவேலை. குற்றம் எழுத்துக்குள்ளேயே இருக்கும்போது எதிலிருந்து எதைப் பிரிப்பது?

ஒதுக்குவதன் பலம் வேறு. அது காயம்பட்டவர்கள் பக்கம் நின்று பேசுகிறது. யூத வெறுப்பை எழுதிப் பரப்பிய ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை இஸ்ரேலில் பொது மேடைகளில் வாசிப்பதில்லை என்பது சட்டமல்ல, நீண்டகால வழக்கம். 2001இல் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்போய்ம் கச்சேரி முடிந்தபின் பார்வையாளர்களிடம் கேட்டுவிட்டே வாக்னரை வாசித்தார். அப்போதும் சிலர் எழுந்து வெளியேறினார்கள். நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் வாழும் ஊரில் அந்த வலிக்கு இசையைவிட முன்னுரிமை தருவதை நான் மதிக்கிறேன். கலைஞர் உயிரோடிருந்து, நாம் தரும் பணமும் கைதட்டலும் அவருக்குக் கேடயமாகிறது என்றால் ஒதுக்குவதுதான் சரி. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் நெருடா இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. புத்தகத்தை மூடினால் அவருக்கு நஷ்டமில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பதோ, அவரைச் சிதைத்தவர் எழுதிய அந்த ஒரு பக்கம்தான். அதையும் மூடிவிட்டால் அவர் இருந்தார் என்பதே நம் கண்ணிலிருந்து போய்விடும்.

அதனால் நான் நிற்பது மூன்றாவது இடத்தில்: படிப்பேன், கௌரவிக்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு. 2018இல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்ட முயற்சி நடந்தபோது சிலியின் பெண்ணுரிமைப் போராளிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது கவிதைகளை எரிக்கச் சொல்லி அல்ல. ஒரு நாட்டின் வாசலில் எழுத வேண்டிய பெயரா இது என்பதே கேள்வி. நம் ஊரில் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பிடித்த கவிஞர் என்றால் உடனே படம் வைத்து மாலை போட்டாக வேண்டும் நமக்கு.

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் நெருடா கவிதைகளோடு அந்தப் பக்கத்தையும் வாசிக்கலாம் என்றேன். பெரியவர் ஒருவர், “கவிதை கேட்கத்தானேப்பா வந்தோம்?” என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. இருந்தும் வாசித்தோம். வாளி சுமந்த பெண் வரும் இடத்தில் அறையே அமைதியானது.

இந்த வழிக்கும் விலை உண்டு. என் பழைய நோட்டில் ஒரு கவிதை இருக்கிறது. நீ மௌனமாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று காதலியிடம் சொல்வது. 1924இல் வந்தது, கொழும்புக்கு முன்பே எழுதியது. பத்தொன்பது வயதில் அதைப் பச்சை மையில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கத்துக்கு வந்தால் மௌனமாக இருப்பவள் வேறொருத்தி. அவள் கண்கள் திறந்திருக்கின்றன.