மலைநடைக்கு ஒரு குளிர்காப்புப் பை: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

குழந்தைகளுடன் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடும் மலைநடைக்குப் பெரிய ஐஸ் பெட்டி வேண்டியதில்லை. முதுகுப்பைக்குள் அடங்கும் சிறிய குளிர்காப்புப் பை, உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள், ஒரு ஸ்டீல் பிளாஸ்க் ஆகியவை போதும். சில ஆண்டுகளாக இவற்றை மட்டுமே எடுத்துச் செல்கிறோம். வெயில் காலத்திலும் மதியச் சாப்பாடு வரை குறை வைத்ததில்லை.

இதில் உண்மையான வேலையைச் செய்வது பை அல்ல, உறைந்த பாட்டில்தான். 1 கிலோ ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம். ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த நீருக்கும் உறைந்த நீருக்கும் இருக்கும் தூரம் அவ்வளவு. ஃப்ரீசரில் உறையவைக்கும் ஜெல் பாக்கெட்டும் இதே வேலையைச் செய்யும். ஆனால் உருகிய பிறகும் அதைச் சுமந்துகொண்டுதான் திரும்ப வேண்டும். பாட்டிலோ உருக உருகக் குடிநீராகிறது, சுமையும் குறைகிறது. ஜெல் பாக்கெட்டுகளை நான் எடுப்பதே இல்லை.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும் என்பதால் பாட்டிலை ஒருபோதும் நிறைக்கக் கூடாது. முந்தைய இரவு பாதி நிரப்பி, ஃப்ரீசரில் சாய்த்துப் படுக்கவைத்துவிடுவேன். காலையில் பக்கவாட்டில் ஐஸ் படிந்திருக்கும். மீதி இடத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால், கிளம்பிய உடனேயே குடிக்கவும் முடியும். முழுதும் உறைந்த பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி ஒரு வாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கக் குழந்தைகளுக்குப் பொறுமை கிடையாது. முழுதாக உறையவைத்த இன்னொரு பாட்டில், யாரும் தொடாமல், சாப்பாட்டுப் பையில் இருக்கும்.

அதை உணவுக்கு மேலே வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். உணவும் இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருந்ததாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான டப்பாவைக் குளிர்விக்கப் போனால் ஐஸ் அதிலேயே தீர்ந்துவிடும். காலி இடத்தை ஒரு துண்டு கொண்டு அடைத்துவிடுவேன். முதுகை ஒட்டிப் பையை வைத்தால் உடம்பின் சூடு ஏறும் என்பதால், நடுவில் மடித்த மேலங்கி ஒன்று. பானங்களைச் சாப்பாட்டுடன் வைப்பதே இல்லை: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜிப் திறக்கும் பையில் குளிர் எப்படித் தங்கும்?

சாப்பாட்டு விஷயத்தில் நான் கறார். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால் பொருள், முட்டை, இறைச்சி, நறுக்கிய பழம் ஆகியவை குளிர் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சாப்பிட உட்காரும்போது மேல் பாட்டிலை ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஐஸ் கட்டி தட்டுப்பட்டால் நிம்மதி. எல்லாம் நீராகி, டப்பாவும் கைக்குச் சில்லென்று இல்லையென்றால் அந்த உணவைக் குழந்தைகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

பிளாஸ்க் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1892இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டிவார் உருவாக்கிய இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம் என்ற அமைப்பை மிஞ்ச இந்த வேலைக்கு வேறொன்று தேவைப்படவில்லை. பழச்சாறு ஊற்றும் முன் ஐஸ் தண்ணீரால் உட்புறத்தைச் சிறிது நேரம் குளிர்வித்துக்கொள்வது நல்லது. தண்ணீரோடு ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. ஐஸ் பெருத்து உட்சுவரைச் சேதப்படுத்திவிடும். குளிர்பானம் உள்ளே இருக்கும்போது பிளாஸ்கின் வெளிப்புறம் வியர்த்தால், வெற்றிடம் போய்விட்டது என்று பொருள்.

எங்கள் பழைய பையில் முதலில் தளர்ந்தது மூலைத் தையல். உள்ளுறையைத் தைத்து இணைத்த பைகளில் ஊசித் துளை வழியே நீர் கசிந்து ஃபோமுக்குள் இறங்குகிறது. பிறகு எவ்வளவு கழுவினாலும் வாடை போவதில்லை. இப்போது வைத்திருப்பது சூட்டில் ஒட்டிய உள்ளுறை கொண்டது, இன்றுவரை ஒரு சொட்டும் கசியவில்லை. வீடு திரும்பியதும் துடைத்து, முழுதாகக் காயும் வரை ஜிப்பைத் திறந்தே வைக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள் கொள்ளளவைப் பார்க்கும் முன் உள்ளே கைவிட்டு அந்த மூலைகளைத் தடவிப் பாருங்கள். நூல் தட்டுப்பட்டால் வேறு பையைத் தேடுங்கள்.