திரை போன ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி டீபக்கிங்: எந்த வழி தேறும்?

யூஎஸ்பி டீபக்கிங் என்பது, கேபிளில் இணைத்த கணினி போனைக் கட்டுப்படுத்த அனுமதிக்கும் ஆண்ட்ராய்டு அமைப்பு. திரை உடைந்த போனிலிருந்து படங்களை மீட்க அதை இயக்க நினைக்கிறோம். முதலில் ஒரு கேள்வி: போனின் பூட்டைத் திறக்கும் பின் எண் தெரியுமா? தெரியாவிட்டால் இங்கே சொல்லும் எதுவும் உதவாது. திருடன் கையில் சிக்கினாலும் உங்கள் தகவல் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பூட்டு.

படம் தெரிகிறது, தொட்டால் மட்டும் அசையவில்லை என்றால் ஓடிஜி இணைப்பானும் (போனின் துளையில் மவுஸைச் செருக உதவும் சிறு இணைப்பான்) சாதாரண மவுஸும் போதும். பின் எண்ணை மவுஸாலேயே அழுத்தலாம். அமைப்புகளில் 'போனைப் பற்றி' பகுதியில் உள்ள பில்ட் எண்ணை ஏழு முறை கிளிக் செய்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் டீபக்கிங் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கணினியில் செருகியதும் 'இந்தக் கணினியை அனுமதிக்கவா?' என்று போன் கேட்கும். ஒரே துளையில் இருந்த மவுஸை அதற்குள் கழற்றியிருப்போம். புளூடூத் மவுஸை முன்கூட்டியே இணைத்துவைப்பது ஒரு வழி. எனக்கு அதைவிடப் பிடித்தது எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருளின் ஓடிஜி முறை. கணினியின் மவுஸும் விசைப்பலகையும் அதே கேபிள் வழியாகப் போனை இயக்கும், டீபக்கிங் இயங்கவேண்டிய அவசியமே இல்லை. இதே மென்பொருளின் திரைகாட்டும் முறையோ, டீபக்கிங் ஏற்கெனவே இயங்கி, அந்தக் கணினிக்கு அனுமதியும் கிடைத்திருந்தால்தான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் இணைக்காத கணினியின் அனுமதியும் தானாக ரத்தாகிவிடுகிறது.

திரை முழுக்கக் கறுத்துவிட்டால், ஹெச்டிஎம்ஐ துளையுள்ள யூஎஸ்பி-சி ஹப் வாங்கி டிவியில் இணைக்கலாம். மவுஸும் அதே ஹப்பில் செருகப்படும். 2017இல் வந்த கேலக்ஸி எஸ்8 தொடங்கி சாம்சங்கின் எஸ் வரிசையில் இது நடக்கும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலானவற்றின் துளை படத்தை வெளியே அனுப்பாது, ஹப் வாங்குவது வீண்செலவு.

டிடபிள்யூஆர்பி (TWRP) போன்ற ரெக்கவரியை, அதாவது ஆண்ட்ராய்டுக்கு வெளியே தனியாக இயங்கும் மீட்பு மென்பொருளை, ஏற்றச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பிக் கைவைக்காதீர்கள். அதற்கு, போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த கணமே போனில் உள்ள அனைத்தும் அழியும். மீட்க நினைத்த படங்களை நாமே அழித்ததாகிவிடும். 'ஒரே கிளிக்கில் திறக்கும்' என்று விற்கும் மென்பொருள்களுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

கறுத்த திரையுள்ள மலிவு போனுக்கு என் தேர்வு, திரையை மாற்றுவதுதான். படங்கள் மட்டும் போதுமென்றால், வேறொரு திரையைத் தற்காலிகமாகப் பொருத்தித் தரும்படி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். திரை தெரிந்துவிட்டால் டீபக்கிங்கே தேவைப்படாது: பூட்டைத் திறந்து, யூஎஸ்பி அறிவிப்பில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடையில் கொடுக்கும்போதே, ரீசெட்டும் செய்யக்கூடாது, சாப்ட்வேரும் ஏற்றக்கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.