எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி சேவை: ஏஜென்சி மாற்றிய பிறகு

மேடவாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முன்பு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி, இப்போது வேறொன்று. பெயர்கள் வேண்டாம். பழைய ஆட்களில் சிலரைப் புது ஏஜென்சியே எடுத்துக்கொண்டது, அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது: ராத்திரி கேட்டில் தூங்கி வழிந்த அதே அண்ணன் இப்போது ஒழுங்காக ரவுண்ட்ஸ் போகிறார்.

முன்பு 12 மணி நேர ஷிஃப்ட். காலையில் வர வேண்டியவர் வராவிட்டால் ராத்திரி முழுக்க நின்றவரே பகலையும் பார்க்க வேண்டும், ரிலீவர் வந்துகொண்டிருக்கிறார் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார், ஆள் வராது. இந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும், ஆனால் சாதாரணச் சம்பளமே அடுத்த மாதம் பாதி ஓடிய பிறகுதான் வரும். யூனிஃபார்முக்குப் பிடித்தம், ஷூவுக்குப் பிடித்தம், தூங்கினார் என்று புகார் போனால் ஒரு நாள் சம்பளம் கட். 24 மணி நேரம் கண்விழித்த மனிதருக்கு அபராதம் போட்டால் அடுத்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வராமல் போய்விடுமா? மாதாமாதம் புது முகம்தான். எந்த வண்டி எந்த வீட்டுடையது என்று தெரியாமல் யாரையும் உள்ளே விடுவார்கள், இல்லை குடியிருப்பவரையே நிறுத்துவார்கள், உடனே நம் ஆட்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலும் சேர்ந்துதான் அவர்களை விரட்டியது.

புது ஏஜென்சியில் 8 மணி நேர ஷிஃப்ட், வாரம் ஒரு நாள் லீவு. ஒரு கேட்டுக்கு 3 பேர் என்பதால் பில் ஏறியது, அதன்மேல் 18% ஜிஎஸ்டி வேறு, பொதுக்குழுவில் பெரிய சண்டை. எனக்கு இது நியாயமான செலவு. சம்பளம் முதல் வாரத்திலேயே வங்கிக்கு வந்துவிடுகிறது. இஎஸ்ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு) ஒழுங்காகக் கட்டுகிறார்கள், சம்பளத்தில் ஊழியரிடம் 0.75%, நிறுவனத்தின் பங்கு 3.25%. அந்த அண்ணனின் மனைவிக்கு இப்போது கே.கே. நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. வீட்டுக் கவலை குறைந்த மனிதரின் முகமே வேறு.

அப்புறம் ஊக்கத்தொகை. மீட்டர் போர்டில் கருகிய வாடை வருகிறது என்று ராத்திரியில் எலக்ட்ரீஷியனை எழுப்பியவருக்கு அதே வாரம் கையில் பணம் கொடுத்தார்கள். பழைய ஏஜென்சி 'சிறந்த காவலர்' என்று சான்றிதழ் கொடுத்தது, அதை வாங்கியவர் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனார். சம்பளமும் ஓய்வும் சரியாக இருந்தால்தான் அதற்கு மேல் கொடுக்கும் பரிசு வேலை செய்யும் என்பது என் கருத்து.

குறையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்ட விதிகள்படி புது ஆட்களுக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி வேண்டும். இங்கே சிலருக்குத் தீயணைப்பான் பின்னைக் கழற்றவே தெரியவில்லை. சான்றிதழ் கேட்டால் 'அனுப்புகிறோம்' என்கிறார்கள், இன்னும் வரவில்லை. அதற்காக ஒரு ஸ்டார் குறைத்து 4 கொடுக்கிறேன்.

பின் கேட்டில் ஃபேன் கிடையாது, பாத்ரூம் போகக்கூட மாற்று ஆள் இல்லை. அதில் ஏஜென்சியைக் குறை சொல்ல முடியாது, செய்ய வேண்டியது எங்கள் சங்கம். அடுத்த பொதுக்குழுவில் முதல் விஷயமாக இதைத்தான் கேட்கப்போகிறேன்.